இரவுக்கு ஒரு துறை



கடலிலிருந்து நெடுந்தொலைவில், மலைமேல் கூடியுள்ள ஓர் அவையில் கடலோடிகளின் கலையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் இம்மலைக்கும் கடலுக்கும் உறவு உண்டு. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. பாலாறு சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே வயலூரை ஒட்டிக் கடலை அடைகிறது. மழை அரித்துச் செல்லும் மலைமண்ணில் ஒரு பங்கு அந்த முகத்துவாரத்தில் மணலாகக் கிடக்கிறது. ஆற்று முகங்களில் அவ்வாறு படியும் மணலே தமிழகத்தின் கீழைக் கரையில் மரக்கலங்கள் எங்கே நுழையலாம், எங்கே நுழையலாகாது என்பதைக் காலந்தோறும் முடிவு செய்துவந்திருக்கிறது.

காற்று மிகுந்த பருவத்தில் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் பாய்மரத் தோணி, ஒவ்வோர் இரவும் எங்கே நங்கூரமிட்டுத் தங்குவது என்பதே இப்பேச்சின் பொருள். கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் பாய் விரிப்பதையும் சுக்கான் பிடிப்பதையும் ஓரிரு ஆண்டுகளில் கற்றுக்கொள்ளும் இளைஞன், இரவுத்துறை தேர்வதைக் கற்க ஒரு வாழ்நாளைச் செலவிட வேண்டியிருந்தது. தண்டேல் என்னும் தோணித் தலைவனை மற்ற மாலுமிகளிலிருந்து பிரித்துக் காட்டியதும் அந்த அறிவுதான்.

காற்றின் பெயர்கள்

தமிழில் காற்றுக்குத் திசைதோறும் தனிப்பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. இவை புலவர்கள் அழகுக்காகப் படைத்த பெயர்கள் என்று கருதுவோர் உளர். கடற்கரைக்குச் சென்றால் அக்கருத்து மாறிவிடும். அங்கே வாடையும் கொண்டலும் இன்றும் அன்றாடப் பேச்சில் வழங்குகின்றன. மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்புறத்திலிருந்து வருவதைச் சோழகம் என்றும் கடலோரத்தார் கூறுவர். ஊருக்கு ஊர் இப்பெயர்கள் குறிக்கும் திசை சற்றே மாறுபடும். ஆனால் பெயரில்லாத காற்று எந்த ஊரிலும் இல்லை.

பெயரிட்டு அழைக்க வேண்டிய தேவை எதனால் வந்தது? காற்றின் திசை மாறினால், முதல்நாள் இரவு தாயின் மடியாக இருந்த துறை மறுநாள் இரவு பாறைக்கும் அலைக்கும் நடுவிலுள்ள பொறியாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அது விசை கூடிப் பாய்ந்து வருவதை அப்பகுதியில் சுழலும் காற்றாலைகளே காட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகிறது. புயல்கள் மிகுதியாகத் தோன்றுவதும் அப்போதுதான். இவ்விரண்டுக்கும் உள்ளே நாள்தோறும் நிகழும் மாற்றம் ஒன்று உண்டு. நண்பகலுக்குப் பின் நிலம் சூடேறியதும் கடற்காற்று எழும். நள்ளிரவு கழிந்து நிலம் குளிர்ந்ததும் கரைக்காற்று கடலை நோக்கிப் புறப்படும்.

எனவே அந்தியில் வீசும் காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தவன் விடியலில் ஏமாறுவான். இப்போது எந்தக் காற்று என்று அறிவது எவருக்கும் எளிது. முகத்தைத் திருப்பினால் போதும். பொழுது புலர்வதற்குள் எந்தக் காற்று வரும் என்று அறிவதே தண்டேலின் கடமை.

துறையில்லாக் கரை

கோடியக்கரையிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவுக்குக் கரை நேர்கோடாக ஓடுகிறது. முனையில்லை, ஆழ்ந்த குடாவில்லை, மறைவு தரும் தீவுமில்லை. இருப்பன ஆற்று முகங்கள் மட்டுமே. காவிரி, கொள்ளிடம், வெள்ளாறு, கெடிலம், பெண்ணை, பாலாறு ஆகியவற்றின் முகங்களில்தாம் பழைய துறைகள் எல்லாம் அமைந்தன. ஆற்று நீர் கொண்டுவரும் மணலும், கடலோட்டம் கரையோரமாகத் தள்ளிச் செல்லும் மணலும் கூடி அம்முகங்களில் திட்டாகின்றன. ஆற்றில் வெள்ளம் வரும்போது திட்டு அறுபடும். வெள்ளம் குறைந்தால் மீண்டும் மூடும். சென்ற ஆண்டு நுழைந்த வழி இவ்வாண்டு இருக்குமென்று உறுதியில்லை.

இதனை உள்ளத்திற் கொண்டு புறநானூற்றின் 30 ஆம் பாட்டை நோக்கினால் புதுப்பொருள் விளங்கும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புகாரின் சிறப்பைக் கூறுமிடத்து, பெருங்கலம் ஒன்று பாயைக் களையாமலும் சரக்கின் சுமையைக் குறைக்காமலும் ஆற்று முகத்திற்குள் நேரே புகுவதைக் குறிப்பிடுகிறார். இதைச் செல்வ வளத்தின் புகழ்ச்சியாகவே பலரும் கொள்வர். கடலோடி ஒருவன் கேட்டால், ‘பிற துறைகளில் பாயை இறக்கவும் சரக்கைக் குறைக்கவும் வேண்டியிருந்தது போலும்’ என்று உடனே உணர்வான். முகத்தின் ஆழமே அங்குப் புகழப்படுகிறது. இன்று பூம்புகாரில் காவிரி கடல் சேருமிடத்தைக் காண்போர்க்கு, ஒரு துறையின் வாழ்வு அதன் முகத்து ஆழத்தைப் பொறுத்தது என்பது தெளிவாகும்.

அதே காலத்தில் கரையிலிருந்து கலங்களுக்குக் குறிகாட்டும் வழக்கமும் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்து உயர்மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைப்பதாகப் பாடுகிறார். அவர் பாடியது தொண்டை நாட்டுக் கரை. பாலாறு கடல் சேரும் கரையும் அதுவே. முகத்துவாரத்தை அடுத்துள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நீர்ப்பெயற்று எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், இம்மலையின் ஆறு சேரும் இடத்தில் அயல்நாட்டுச் சரக்கு இறங்கியது என்பதில் ஐயமில்லை.

தேர்வின் இலக்கணம்

இனி, தண்டேல் ஒருவன் துறை தேரும் முறையைக் காண்போம்.

முதலாவது, பொழுது. கதிரவன் மறையுமுன் நங்கூரம் இறங்கியிருக்க வேண்டும். கோபுரம், பனைக்கூட்டம், குன்று, கலங்கரை விளக்கம் ஆகியவற்றில் இரண்டை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துத் தன் இடத்தை மனத்தில் குறித்துக்கொள்வது கடலோடிகளின் பழைய முறை. இரவில் கலம் நகர்கிறதா என்பதை அக்குறிகள் விலகுவதைக் கொண்டே அறிய முடியும். வெளிச்சம் போனபின் வந்தவனுக்கு இக்குறிகள் கிட்டா. ஆதலால் மாலையில் அடையக்கூடிய துறையை நண்பகலிலேயே முடிவு செய்தாக வேண்டும். ‘இன்னும் சிறிது தூரம் போகலாம்’ என்ற ஆசையே பல கலங்களைக் கெடுத்தது.

இரண்டாவது, ஆழமும் அடிமண்ணும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் காண்பர். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறடி. குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் அடியிலுள்ள மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். சேறும் களியும் நங்கூரத்தை நன்கு பற்றும். இறுகிய மணல் ஓரளவு பற்றும். பார் எனப்படும் பாறைத்தரை இருவகையில் தீயது: பற்றாமல் வழுக்கவும் கூடும், பற்றினால் விடாமல் நங்கூரத்தையே பறிக்கவும் கூடும். பவளப்பாறை கயிற்றை அறுத்துவிடும்.

மூன்றாவது, கயிற்றின் நீளம். நங்கூரம் தன் எடையினால் மட்டும் கலத்தை நிறுத்துவதில்லை. கயிறு கிடைமட்டமாக இழுக்கும்போதுதான் அதன் நகம் மண்ணுக்குள் ஆழப் பதிகிறது. மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடுகிறது. அதனால் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கயிறு விடுவர். மூன்று பாக ஆழத்தில் நிற்கும் தோணி, காற்று மிகும் இரவில் இருபது பாகம் வரை கயிறு விட்டிருக்கும். கருமித்தனம் செய்து கயிற்றைக் குறைத்தவன் நங்கூரத்தையே குறைத்தவனாவான்.

நான்காவது, சுழலும் இடம். கயிறு நீண்டால் கலம் சுழலும் வட்டமும் பெரிதாகும். மாலைக் கடற்காற்றில் கரையை நோக்கிப் பின்புறம் காட்டி நிற்கும் தோணி, விடியற்காலைக் கரைக்காற்றில் முழுதும் திரும்பிக் கடலை நோக்கிப் பின்புறம் காட்டும். நங்கூரம் நேர் எதிர்த்திசையில் இழுக்கப்படும். ஆகவே இரு திசையிலும் திட்டோ பாறையோ பிற கலமோ இல்லாத வெளி வேண்டும்.

ஐந்தாவதே அனைத்திலும் தலையாயது: வெளியேறும் வழி. நங்கூரம் பெயர்ந்தால், கயிறு அறுந்தால், காற்றின் திசை மாறினால், நள்ளிரவில் இருட்டில் எந்த வழியாகக் கடலுக்குப் போவது? இவ்வினாவிற்கு விடை கிடைக்காத துறை எவ்வளவு அமைதியாகத் தோன்றினும் அதில் இரவு தங்கலாகாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் கடுங்காற்று வீசும்போது கரையை ஒட்டி நிற்பது அச்சமூட்டுவதாகத் தோன்றும்; பாய்க்கயிறுகள் ஊளையிடும். ஆனால் அங்கு அலை எழுவதற்கு இடமில்லை. நங்கூரம் பெயர்ந்தாலும் கலம் போய்ச் சேருமிடம் திறந்த கடல். மாறாக, கடலிலிருந்து கரையை நோக்கி மென்காற்று வீசும் இரவு இனிமையாகத் தோன்றும். நங்கூரம் பெயர்ந்தால் போய்ச் சேருமிடமோ மடியும் அலை. காதுக்கு அஞ்சத்தக்கது வேறு, அறிவுக்கு அஞ்சத்தக்கது வேறு.

மதுரைக்காஞ்சியில், பாகர்க்கு அடங்காத யானைக்குக் கலம் ஒன்று உவமையாகிறது. கட்டிய கயிறு அறுந்து, பாய் கிழிந்து, கூம்பு முறிந்து, பாறையில் மோதிச் சுழியில் அகப்பட்ட நாவாய் அது. எது முதலில் அறுந்து எது பின்னர் முறிகிறது என்ற வரிசையை நோக்கினால், மாங்குடி மருதனார் இதனைக் கடலோடிகளிடமிருந்தே கேட்டறிந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

தெற்கிலிருந்து வடக்கே

இவ்விலக்கணம் கரையில் எவ்வாறு நடைமுறையாகிறது என்பதைக் காணத் தெற்கிலிருந்து புறப்படுவது நல்லது. கன்னியாகுமரியைக் கடந்து வரும் கலத்திற்கு மணப்பாட்டு முனை ஒரு தங்கலிடம். கடலுக்குள் நீளும் மேடு தென்மேற்குக் காற்றை ஓரளவு மறைக்கும். ஆனால் ஆழ்கடலிலிருந்து வரும் நீண்ட அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும். காற்று மறைந்த இடமெல்லாம் அலை மறைந்த இடமன்று என்பதை இங்கே கற்கலாம்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று கணக்கிடப்பட்டவை ஒரு சங்கிலி போல் கிடக்கின்றன. அவற்றுள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. தீவுகளின் கடற்புறத்தே உள்ள பவளத்திட்டுகள் அலையின் விசையை உடைக்கின்றன. கடலறிந்தவனுக்குத் தீவுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள நீர் தங்கலிடம்; அறியாதவனுக்கு அதே பவளம் எமன். இப்பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே இன்று நங்கூரத்தால் பவளத்திற்கு நேரும் கேட்டையும் எண்ணியாக வேண்டும்.

இராமேசுவரத்து மக்கள் தீவின் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் அழைப்பர். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் வடகடல் சீறும்போது தென்கடலில் ஒதுங்கலாம். சில கிலோமீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ப் பருவங்களுக்குரிய இரு துறைகள் அமைந்த இடம் தமிழகத்தில் வேறில்லை எனலாம். அவ்விரண்டையும் இணைக்கும் வாயில் பாம்பன் கால்வாய். பருவத்திற்கேற்பத் திசைமாறி விரையும் நீரோட்டம் அங்குண்டு. 1914 இல் திறக்கப்பட்ட இரயில் பாலத்தின் தூக்கு வழியே கலங்கள் கடந்துவந்தன. 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் திறக்கப்பட்டது. பாலம் திறக்கும்வரை காத்திருப்பதும் இரவுத்துறைக் கலையின் ஒரு பகுதியே. வாயிலுக்கு முன் எங்கே நிற்பது என்று அறியாதவன் வாயில் திறக்கும்போது அங்கே இருக்கமாட்டான்.

பாக் விரிகுடா ஆழங்குறைந்தது. பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்டது. தேவிபட்டினம், தொண்டி போன்ற துறைகளில் கரைக்கு நெடுந்தொலைவிலேயே நிற்க நேரும். சேற்றுத்தரை நங்கூரத்தைப் பற்றும் என்பது நன்மை. ஆழமற்ற நீரில் அலை குறுகிச் செங்குத்தாக எழும் என்பது தீமை. எதிர்க்கரையில் வல்வெட்டித்துறையினர் கட்டிய கலங்களுக்கும் இக்கடலே பள்ளியாயிற்று. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சேர்ந்தது. திட்டுகளுக்கும் பாறைகளுக்கும் இடையே இரவுகளைக் கழித்துப் பழகியவர்களுக்கு அட்லாண்டிக் கடல் அயலாகத் தோன்றவில்லை போலும்.

கோடியக்கரையில் கரை திடீரென வடக்கே திரும்புகிறது. அம்முனையின் மேற்கே ஒரு காற்றுக்கு மறைவு. கிழக்கே மற்றொரு காற்றுக்கு மறைவு. திசை ஐயமாயிருந்தால் முனையைச் சுற்றாமல் மேற்குப் புறத்திலேயே இரவைக் கழித்து, விடிந்தபின் கடப்பதே அறிவுடைமை. அங்கிருந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையில் அழிந்தது. நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரத்தின் எச்சமாய் நின்ற கோபுரம் பல நூற்றாண்டுகள் கடலோடிகளுக்குக் குறியாக இருந்து, 1867 இல் இடிக்கப்பட்டது. கோயில் எழுப்பியவர் எச்சமயத்தவராயினும் கடலில் இருப்பவனுக்கு அது வழிகாட்டி. எனவே கோபுரம் ஒன்று மறைந்தால் கடலில் ஒரு துறைக்கு வழி மறைந்தது என்று பொருள்.

நாகைக்கு வடக்கே தரங்கம்பாடி, பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரி, சதுரங்கப்பட்டினம், சென்னை எனத் துறைகள் வரிசையாக உள்ளன. ஐரோப்பியர் கோட்டை கட்டிய ஊர்கள் இவை. வியப்பு என்னவென்றால், இவற்றுள் எதிலும் பெருங்கப்பல் ஒதுங்கும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலைமடியைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே. இன்னும் வடக்கே சென்று கோதாவரி முகத்தை அடைந்தால்தான், ஹோப் தீவின் மறைவில் காக்கிநாடாக் குடா உண்மையான ஒதுக்கிடமாகக் கிடைக்கும்.

துறை தவறியபோது

நங்கூரத்தை நம்பிய கப்பல்களின் கதை இக்கரையில் மிகுதி. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பல்கள், அக்டோபர் நடுவில் அத்துறையில் நின்றபோது புயலில் சிக்கின. சில மூழ்கின, சில கூம்பிழந்தன. அக்டோபர் நடுவிலிருந்து இக்கரையில் நிற்பது பேராபத்து என்பது அக்காலக் கப்பலோடிகள் அறிந்ததே. அதனால்தான் போர்க்கப்பல்கள் அப்பருவத்தில் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ செல்வதை வழக்கமாகக் கொண்டன. திருகோணமலைக்காக வல்லரசுகள் போரிட்டதன் ஒரு காரணம் சோழமண்டலக் கரைக்குத் துறையில்லாமையே.

ஆனால் நாட்காட்டி மட்டும் காப்பதில்லை. 1749 ஏப்ரலில், புயலை எவரும் எதிர்பாராத கோடைத் தொடக்கத்தில், கடலூருக்கு அருகே ‘நாமூர்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் அழிந்து 500 பேருக்கு மேல் மாண்டனர். 1761 ஜனவரி முதல் நாள், புயற்காலம் முடிந்துவிட்டது என்று கருதத்தக்க வேளையில், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் புயல் தாக்கியது. அந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. கப்பற்படைத் தலைவர் ஸ்டீவன்ஸ் தம் கப்பலின் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுக் கடலுக்குள் சென்றார். பிறரும் அவ்வாறே செய்யுமாறு பீரங்கி முழக்கி அறிவித்தார். காற்றின் இரைச்சலில் அம்முழக்கம் கேட்கவில்லை. கட்டளை வராமல் இடம் பெயரக்கூடாது என்ற ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு மற்றக் கப்பல்கள் நங்கூரத்திலேயே நின்றன. மூன்று கப்பல்கள் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலும் மூன்று கரையில் ஏறி உடைந்தன. கடலுக்குள் சென்ற தலைவரின் கப்பல் பிழைத்தது.

நங்கூரம் என்பது தங்குவதற்கான கருவி. அதனை விட்டுவிட வேண்டிய நொடியை அறிவதும் தங்கும் கலையின் ஒரு கூறு. கயிற்றை வெட்டக் கோடரி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு மாலுமியும் இருட்டில் கையால் தடவி எடுக்கக்கூடிய அளவுக்கு அறிந்திருக்க வேண்டும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. எப்போது வெட்டுவது என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும். புயல் வந்தபின் சொல் கேட்காது.

இக்காலத்து நிலை

துறையில்லாக் கரைக்குத் துறை செய்யும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சென்னையில் கடலுக்குள் கட்டிய அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது, மீண்டும் கட்டினர். சுவர் எழுந்ததும், வடக்கு நோக்கி நகரும் மணல் அதன் தெற்கே தேங்கி மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியைக் கடல் அரித்தது. ஓரிடத்தில் செய்த மறைவுக்கு மற்றோரிடம் விலை கொடுத்தது.

இன்று இயந்திரம் பொருத்திய படகுகள் காற்றை எதிர்த்தும் செல்லும். செயற்கைக்கோள் இடத்தைக் காட்டும். வானிலை அறிக்கை முன்கூட்டி எச்சரிக்கும். ஆகவே பழைய அறிவு தேவையில்லை என்று சொல்லலாமா? தேங்காய்ப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்தில் மணல் சேர்ந்து, பருவக்காற்றில் அலை மடிந்து, வீடு திரும்பும் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் மாண்ட செய்திகள் பல ஆண்டுகளாக வந்துள்ளன. சுவர் இருக்கிறது, உள்ளே அமைதியான நீர் இருக்கிறது, காற்று மிகும் நாளில் நுழைவாயில்தான் உயிர் வாங்குகிறது. புகாரைப் பாடிய புலவர் எதைப் புகழ்ந்தாரோ அதுவே இங்கு இல்லாமற்போயிற்று.

2017 நவம்பர் 29, 30 ஆகிய நாள்களில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. செய்தி எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு ஒதுங்க ஒரு துறையும் எட்டும் தொலைவில் இல்லை. குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள் பலவற்றில் மீளாதவர்களுக்காக நெடுநாள் காத்திருந்தனர். 1761 இல் பீரங்கி முழக்கம் காற்றில் கரைந்ததும், 2017 இல் வானொலிச் செய்தி கடலில் எட்டாததும் ஒரே வகைத் துன்பமே. கருவி எவ்வளவு சிறந்தாலும், செய்தி எட்டாத வேளையில் தானாக முடிவு செய்யும் அறிவு படகிலேயே இருந்தாக வேண்டும்.

அந்த அறிவு எங்கே சேமிக்கப்பட்டிருந்தது? பெரும்பாலும் நூல்களில் அன்று. காற்றின் பெயர்களிலும் அடிமண்ணின் பெயர்களிலும், எந்தக் கோபுரம் எந்தப் பனைக்கு நேராக வந்தால் நங்கூரம் போடலாம் என்ற வாய்மொழியிலும் அது இருந்தது. பாய்த்தோணிகள் இயந்திரத்திற்கு மாறியபின் அச்சொற்கள் பேச்சிலிருந்து நழுவத் தொடங்கின. நீரோட்டத்துக்கு நீவாடு என்ற சொல் உண்டு என்பதையே கடற்கரைக்கு வெளியே அறிந்தவர் சிலர். சொல் போனால் அச்சொல் சுட்டிய வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். கச்சானையும் சோழகத்தையும் ‘காற்று’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தலைமுறைக்கு, ஒரு காற்றுக்கு ஏற்ற துறை மற்றொன்றுக்கு ஆகாது என்பதைப் புதிதாக, உயிர்விலை கொடுத்துக் கற்க நேரும்.

இலக்கிய வட்டங்களுக்கு இங்கே ஒரு பணி உண்டு. சங்கப் பாட்டில் வரும் துறையையும் கலத்தையும் உரையாசிரியர்களோடு நின்று விளக்குவது போதாது. கடலில் நரைத்த முதியவர்களிடம் சென்று அவர்கள் சொற்களைக் கேட்டு, ஊர், திசை, பருவம் ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அவ்வாறு எழுதியோர் சிலர் உளர். எழுதப்படாத ஊர்களே மிகுதி. மலையிலும் இப்பணி உண்டு. கவிழ்ந்து வரும் மழைக்கும், ஆற்றில் திடீரெனப் பெருகும் நீருக்கும், ஆட்டுமந்தையோடு இரவு தங்கும் ஒதுக்கிடத்திற்கும் மலைமக்கள் வைத்துள்ள பெயர்கள் அதே வகைச் செல்வமே.

நெல்லிவாசல் என்ற பெயரில் வாசல் என்னும் சொல் இருக்கிறது. வாசல் என்பது உள்ளே வருவதற்கு மட்டுமன்று. வெளியே போவதற்கும் அதுவே வழி. கடலோடி தன் இரவுத்துறையிடம் கேட்பதும் அதைத்தான். காற்று மாறும் முன் உள்ளே வர வேண்டும். காற்று மாறியபின் வெளியே போகவும் இயல வேண்டும். இரண்டுக்கும் இடம் தருவதே துறை. மற்றவை வெறும் கரை.